ஐந்து ஏக்கரும் இரண்டு பீப்பாய் மழைநீரும்

நிலம், நீர், தற்சார்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸின் மின்கட்டமைப்பு நிலைகுலைந்தபோது, டாலஸில் எங்கள் வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை, இரண்டாம் நாள் குழாய் வெடித்துத் தண்ணீரும் நின்றது. பிறரை நம்பியிராத ஒரு தற்சார்புப் பண்ணை வாழ்க்கைக்கு மாறிவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. கொலராடோ மாநிலத்தின் கோஸ்டியா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஐந்து ஏக்கர் மனை, ஒரு பழைய காரின் விலைக்கு, தவணையில் கிடைக்கிறது. சூரிய மின்தகடு, போர்வெல், காய்கறித் தோட்டம், பத்துக் கோழி, நான்கு ஆடு என்று திட்டமிட்டிருக்கிறேன். அந்தக் கவுண்டி இதற்கு ஏற்றதா? எவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?
— டாலஸ் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் நிலத்துக்கும் வெயிலுக்கும் விலைக்கும் இடம் இருக்கிறது, தண்ணீருக்கு மட்டும் "போர்வெல்" என்ற ஒரே சொல்தான். நம் ஊரில் நிலம் வாங்கியவர் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்துவிட்டு மறுநாளே குழாய் இறக்குவதைக் கண்டு வளர்ந்த நமக்கு, மண்ணை வாங்கினால் அதன் அடியிலுள்ள நீரும் நம்முடையது என்று தோன்றுவது இயல்பு. கொலராடோவில் நீர் என்பது நிலத்திலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கும் சொத்து. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்பது அந்த மாநில நீர்ச்சட்டத்தின் அடிப்படை. கோஸ்டியா கவுண்டி அமைந்திருக்கும் ரியோ கிராண்டே ஆற்று வடிநிலத்திலோ, இருக்கிற நீரைவிடக் கொடுக்கப்பட்ட உரிமைகள் அதிகம்.

இதன் விளைவு உங்கள் ஆட்டுக்கும் கோழிக்கும் வந்து சேர்கிறது. மனை 35 ஏக்கருக்குக் குறைவு என்றால், சாதாரணமாகக் கிடைக்கும் போர்வெல் அனுமதி வீட்டுக்குள்ளான பயன்பாட்டுக்கு மட்டுமே. குடிக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம். வாசலுக்கு வெளியே ஒரு தக்காளிச் செடிக்கு ஊற்றக்கூடாது, ஆட்டுக்குக் காட்டக்கூடாது. 35 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் கால்நடைக்கும், ஓர் ஏக்கர் வரை தோட்டத்துக்கும் நீர் விடும் அனுமதியைக் கேட்க முடியும். அதிலும், மனைப்பிரிவு 1972 ஜூன் 1-க்கு முன் உருவானதா, பின் உருவானதா என்பதைப் பொறுத்து விதி மாறும் என்பதால், பத்திரத்தைப் பார்க்கும் முன் மனைப்பிரிவு வரைபடத்தின் தேதியைப் பாருங்கள். "போர்வெல் போடலாம்" என்று விற்பவர் சொல்வது பொய்யாகவே இருக்காது. அந்தத் தண்ணீரை என்ன செய்யலாம் என்பதை அவர் சொல்லமாட்டார், நாமும் கேட்பதில்லை.

மழைநீரைப் பிடித்துக்கொள்வேன் என்பீர்கள். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதை நினைவில் வைத்திருக்கும் நமக்கு, கொலராடோவின் சட்டம் வேறு உலகத்துச் சட்டம்போல் தோன்றும். 2016-இல்தான் அங்கே சாதாரண வீட்டுக்காரர் கூரைநீரைப் பீப்பாயில் பிடிக்க அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியும் இரண்டு பீப்பாய்களுக்கே. இரண்டிலும் சேர்த்து 110 காலன், அதாவது சுமார் 416 லிட்டர். கிராமப்புறத்தில் போர்வெல் அனுமதிக்குத் தகுதியுள்ளவர் கூரைநீரைக் கூடுதலாகச் சேகரிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழிவிடுகிறது என்றாலும், கிணற்று நீரை எதற்குப் பயன்படுத்தலாமோ அதற்குத்தான் அந்த நீரையும் பயன்படுத்தலாம். ஆகவே தோட்டத்துக் கதவு அங்கேயும் மூடித்தான் இருக்கிறது.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு வானத்தையே கேட்டாலும் பதில் கஞ்சத்தனமானது. கோஸ்டியா கவுண்டி இருக்கும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் தரைப்பகுதியில் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 7 அங்குலம், அதாவது 180 மில்லிமீட்டர். வறட்சிக்குப் பேர்போன நம் இராமநாதபுரத்தில் பெய்வதில் கால் பங்கைத் தொட்டுப் பார்க்கும் அளவு. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சொட்டு வீணாகாமல் பிடித்தாலும் ஆண்டுக்குச் சுமார் 4,360 காலன், நாளுக்கு 12 காலன்தான் தேறும். இந்தக் கணக்கை நீங்கள் பார்க்கும் எந்தக் கவுண்டிக்கும் போட்டுப் பாருங்கள்: கூரையின் பரப்பைச் சதுர அடியிலும் மழையை அடியிலும் பெருக்கி, அதை மீண்டும் 7.48 ஆல் பெருக்கினால் காலன் கிடைத்துவிடும். ஒரு தாளில் ஒரு வரி எழுதும் வேலை. எத்தனையோ பேரைத் தவணைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கக்கூடிய வரி.

போர்வெல்லுக்குப் பணமில்லாதவர்கள் அங்கே நீரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். இரும்புக் கூண்டுக்குள் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 275 காலன் பிடிக்கும், நிரம்பினால் நீரின் எடை மட்டும் ஒரு டன்னைத் தாண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பம், தலைக்கு 25 காலன் என்று சிக்கனமாகப் புழங்கினாலும், மூன்றாம் நாள் மாலைக்குள் அது காலி. ஒரு பிப்ரவரிக் காலையில், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி குளிரில், ஒருவர் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து அந்தத் தொட்டியின் குழாய்த் திருகில் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் இருந்தது. வெளியே வர வழிதான் உறைந்துபோயிருந்தது. மூன்றாவது கெட்டிலில்தான் திருகு அசைந்தது. அந்த வெந்நீரும் தொட்டியிலிருந்து முந்தின இரவே பிடித்து வைத்ததுதான் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கவுண்டியின் தலைமை ஊரான சான் லூயிஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில், நம் ஊட்டியைவிடச் சற்று மேலே இருக்கிறது; ஆனால் ஊட்டியின் குளிரை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பக்கத்து அலமோசாவில் 1948 ஜனவரியில் ஃபாரன்ஹீட் அளவில் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி பதிவாகியிருக்கிறது. உறைபனி இல்லாத காலம் ஏறத்தாழ மூன்று மாதம்தான். உருளைக்கிழங்கு, பார்லி, பட்டாணி, கேரட், கீரை விளையும். வெண்டையும் கத்தரியும் கண்ணாடி வீட்டுக்குள் கெஞ்சினால்தான் காய்க்கும். வெயில் தாராளமாகக் கிடைப்பதால் சூரிய மின்தகடு பற்றிய உங்கள் நம்பிக்கை சரியானதே. ஆனால் இப்போது பரவலாக விற்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றம் செய்யக்கூடாது. அதைக் கதகதப்பாக வைக்க ஓர் அறையும், அந்த அறையைச் சூடாக்க விறகும் கணக்கில் சேர வேண்டும்.

ஆட்டுக்கு வருவோம். அந்த மழைக்கு அங்கே வளர்வது முள்ளும் புதருமாகத்தான். ஒரு மாடு மேய்ந்து பிழைக்கவே பல பத்து ஏக்கர் வேண்டியிருக்கும். ஐந்து ஏக்கரில் நான்கு ஆடு என்றால், விலைக்கு வாங்கிய குதிரை மசால் தீவனத்தைத் தின்னும் நான்கு ஆடு என்றுதான் பொருள். இன்னொன்று: கொலராடோவில் பக்கத்துப் பண்ணை மாடு உங்கள் தோட்டத்தில் புகுந்து மேய்ந்துவிட்டால், சட்டப்படியான வேலி போட்டிருந்தால்தான் நஷ்டஈடு கேட்கலாம். பட்டி கட்டி மாட்டைப் பிடித்துவைக்கும் நம் ஊர்ப் பஞ்சாயத்து வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

இனி, அந்த மனைகள் ஏன் அவ்வளவு மலிவு என்ற கேள்வி. பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் 1969-இல் அங்கே பெரும் பண்ணை ஒன்றை வாங்கி, அதில் ஒரு பகுதியை ஐந்து ஏக்கர் போன்ற சிறு மனைகளாகப் பிரித்து விற்றார். இப்படிப் பிரிந்த மனைகள் அரை நூற்றாண்டாகக் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வரைபடத்தில் சாலை ஓடும். நேரில் போனால் வண்டித்தடம்கூட இருக்காது. குடியிருக்க வேண்டுமானால் கழிவுநீர் அமைப்புக்கும் கட்டடத்துக்கும் அனுமதி, நீருக்கு ஓர் ஏற்பாடு, மூன்றும் வேண்டும். கூடாரத்திலோ வண்டி வீட்டிலோ காலம் தள்ளிவிடலாம் என்று வந்தவர்களுக்கும் கவுண்டி நிர்வாகத்துக்கும் நடந்த தகராறுகள் கொஞ்சமல்ல. நில ஆவண அலுவலகத்தில் வில்லங்கம் பாருங்கள், வரிப் பாக்கி பாருங்கள், நிலத்தடிக் கனிம உரிமை யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

இடருக்கு ஆயத்தமாக இருக்க நினைக்கிறீர்கள். எந்த இடருக்கான ஆயத்தம் என்று முதலில் தெளிவு வேண்டும். உங்கள் அனுபவத்தில் இருப்பது மின்தடை. அந்தக் கவுண்டியின் இடரோ காட்டுத்தீ. 2018 ஜூன் 27-இல் ஃபோர்ட் கார்லண்ட் என்ற ஊருக்கு அருகே தொடங்கிய ஸ்பிரிங் கிரீக் காட்டுத்தீ, கோஸ்டியா, வெர்ஃபானோ ஆகிய இரு கவுண்டிகளிலும் 1,08,000 ஏக்கருக்கு மேல் எரித்து, நூற்றுக்கும் அதிகமான வீடுகளைச் சாம்பலாக்கியது. மனை எண்ணைச் சொல்லி வீட்டுக் காப்பீட்டுக்கு விலை கேளுங்கள். வாங்கும் முன் செய்யக்கூடிய மிக மலிவான பரிசோதனை இது. தீயணைப்பு நிலையம் 5 மைலுக்கு அப்பால் என்றால் முகவரின் குரலே மாறுவதைக் கேட்பீர்கள். பெரிய மருத்துவமனை அலமோசாவில். ஃபோர்ட் கார்லண்டிலிருந்து 25 மைல், மனையிலிருந்து ஃபோர்ட் கார்லண்ட் வரை மண்சாலை. கிழக்கே போக வேண்டுமானால் 9,400 அடி உயரத்து லா வீட்டா கணவாய். 2020 கணக்கெடுப்பின்படி 1,200 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பில் சுமார் 3,500 பேர்தான் அங்கே வாழ்கிறார்கள். ஆம்புலன்ஸை அழைத்தால் வருகிறவர் பெரும்பாலும் இன்னொரு வேலையை விட்டுவிட்டு வருகிறவராகவே இருப்பார்.

இவ்வளவும் சொன்னபின், அந்தக் கவுண்டியே வாழத் தகுதியற்றது என்று நீங்கள் முடிவு கட்டினால் நான் தவறாகச் சொல்லிவிட்டவன் ஆவேன். 1851-இல் நிறுவப்பட்ட சான் லூயிஸ், கொலராடோவின் மிகப் பழைய ஊர். நியூ மெக்சிகோவிலிருந்து வந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் 1852-இல் குலேப்ரா ஆற்றிலிருந்து வெட்டிய மக்கள் வாய்க்கால்தான் மாநிலத்தில் தொடர்ந்து பயன்பட்டுவரும் மிகப் பழைய நீருரிமை. அசேக்கியா என்று அவர்கள் அழைக்கும் இந்த வாய்க்கால் முறையைப் பார்க்கும் தமிழருக்கு ஊர் நினைவு வராமல் போகாது. நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளர் மடை திறந்து முறைவைத்து நீர் விட்டதைப்போல, அங்கே மயோர்டோமோ என்பவர் இன்னாருக்கு இன்ன நாள் என்று பங்கிடுகிறார். நாம் குடிமராமத்து என்று சொல்வதைப்போல வசந்தத்தில் எல்லாரும் மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலைத் தூர் வாருகிறார்கள். ஊருக்குப் பொதுவாக 600 ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலமும் இருக்கிறது. மலையில் விறகு வெட்டவும் மாடு மேய்க்கவும் தங்களுக்கிருந்த பழைய உரிமை 1960-இல் நில உரிமையாளர் ஒருவரால் பறிபோனபின், அவர்கள் பல பத்தாண்டு வழக்காடி 2002-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் மீட்டார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான்: அந்த வறண்ட ஐந்து ஏக்கரை வாங்காதீர்கள். வாய்க்கால் பங்கோடு குலேப்ரா கரையில் இரண்டு ஏக்கர் விலைக்கு வந்தால், ஏக்கருக்குப் பல மடங்கு கொடுத்தாலும், அது வேறு பேச்சு. ஆனால் அந்த நிலத்தோடு மண்வெட்டிப் பிடிக்கும் நாளும், கூட்டத்தில் போய் உட்காரும் மாலையும், நீர் குறைந்த ஆண்டில் அயலாருக்கு விட்டுக்கொடுக்கும் முறையும் சேர்ந்தே வரும். பிறரை நம்பியிராத வாழ்க்கை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவுண்டியில் 170 ஆண்டுகளாக நிலைத்து விவசாயம் செய்பவர்கள் அப்படி வாழ்பவர்கள் அல்லர்.

கேள்வி: கொலராடோவைப்போல் அல்லாமல், மிசௌரி மாநிலத்தின் தென்பகுதியில் மழையும் உண்டு, கட்டட அனுமதி என்ற தொல்லையும் இல்லை என்கிறார்கள். ஹவல் கவுண்டியிலும் ஓசார்க் கவுண்டியிலும் இடம் பார்த்து வைத்திருக்கிறோம். உங்கள் அனுபவம் என்ன?
— அட்லாண்டா வாசகி

பதில்: அந்தப் பக்கம் பன்னிரண்டு ஏக்கரில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். நீங்கள் கேள்விப்பட்ட இரண்டும் உண்மை. ஆண்டுக்கு 45 அங்குலத்தை ஒட்டி மழை. முன்பு சொன்ன அதே ஆயிரம் சதுர அடிக் கூரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 77 காலன் வரும், அதைப் பிடிக்காதே என்று சொல்வாரும் இல்லை. ஏறத்தாழ ஆறு மாதம் உறைபனி இல்லை. வெண்டை ஆளுயரம் வளரும், புடலைகூடப் பந்தலில் தொங்கும். மண்ணில் கல் அதிகம். மண்வெட்டியை நம்பிப் போகாதீர்கள், கடப்பாரை வாங்குங்கள்.

அனுமதி வேண்டாம் என்பதைத்தான் நீங்கள் இருமுறை யோசிக்க வேண்டும். மிசௌரியில் மூன்று ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள நிலத்தில் ஒரு குடும்ப வீட்டின் செப்டிக் டேங்குக்கு, சில நிபந்தனைகளோடு, மாநில அனுமதி தேவையில்லை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தேவையில்லை என்றால் மேட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தேவையில்லை. ஓசார்க் என்று அழைக்கப்படும் அந்த வட்டார நிலத்தின் அடியில் இருப்பது மழைநீர் கரைத்துக் கரைத்துப் பொந்தும் குகையுமாக்கிய சுண்ணாம்பு, டோலமைட் பாறை. மேலே ஊற்றியது மண்ணில் வடிகட்டப்படாமல் வெடிப்பு வழியே நேராகக் கீழே போய், எங்கோ ஓரிடத்தில் ஊற்றாகவோ கிணற்று நீராகவோ வெளிப்படும். 1978 மே மாதம் ஹவல் கவுண்டியின் வெஸ்ட் பிளெய்ன்ஸ் நகரக் கழிவுநீர்க் குளத்தின் தரை திடீரென உள்வாங்கி, குளத்துநீர் மொத்தமும் பாதாளத்தில் இறங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டு, பலர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள்.

என் கதை அவ்வளவு பெரிதில்லை. நான் வாங்கிய வீட்டின் கிணறு எனக்கு முன்பிருந்தவர் காலத்தில் போட்டது. இரும்பு உறைகுழாயைப் போதிய ஆழத்துக்கு இறக்காமல் விட்டிருந்தார்கள். வாங்கும்போது கோடை, தண்ணீர் பளிங்கு. அந்த வசந்தத்தில் மூன்று நாள் அடைமழை பெய்தபின் குழாயைத் திறந்தேன். டம்ளரில் வந்தது கழனித்தண்ணீர் நிறத்தில் இருந்தது. சோதனைச்சாலைக்கு அனுப்பியதில் கோலிஃபார்ம் கிருமி உண்டு என்று தாள் வந்தது. குழாயைச் சரிசெய்து புறஊதாக் கதிர் வடிகட்டி பொருத்தும்வரை ஆறு வாரம் குடிநீரைக் கொதிக்க வைத்தோம். அதனால் சொல்கிறேன்: அங்கே கிணற்று நீரைச் சோதிப்பதென்றால் பெருமழைக்கு மறுநாள் எடுத்துச் சோதியுங்கள். விற்பவர் ஆகஸ்டில் எடுத்த அறிக்கையைக் காட்டினால் வாங்கி மடித்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் நிலம் உள்வாங்கிய குழி இருக்கிறதா, அதில் யாராவது செத்த கன்றையும் பழைய குளிர்ப்பெட்டியையும் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் நடந்து பாருங்கள்.

ஆற்றோரம் அழகாக இருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும். 2017 ஏப்ரல் இறுதியில் ஒயிட் ஆற்றின் வடகிளையில் வந்த வெள்ளம் அதுவரை பதிவானவற்றை மிஞ்சி, பாலங்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. வெள்ள வரைபடத்தைப் பாருங்கள். அதோடு, தண்ணீர் எந்த மரம்வரை வந்தது என்று எதிர்க்கரைப் பெரியவர் ஒருவரிடமும் கேளுங்கள். டொர்னாடோவுக்கு நிலவறை வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உண்ணியைச் சொல்ல வேண்டும்: அங்குள்ள ஒருவகை உண்ணி கடித்தால் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி எதுவும் ஒத்துக்கொள்ளாத ஒவ்வாமை வந்துவிடுகிறது, சிலருக்குப் பாலும் ஆவதில்லை. ஆட்டை நம்பிப் பண்ணை வைப்பவருக்கு இது விளையாட்டான செய்தி அல்ல. மாலையில் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு நடப்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு, இரண்டு கவுண்டிகளில் ஒன்றைச் சொல் என்றால் ஹவலைச் சொல்வேன். வெஸ்ட் பிளெய்ன்ஸில் மருத்துவமனை இருக்கிறது, இரும்புக்கடை இருக்கிறது, கால்நடைச் சந்தை இருக்கிறது. தற்சார்பாக வாழ்பவருக்கு வாரம் ஒருமுறையாவது இவற்றில் ஒன்று வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். பண்ணை நிலம் வாங்கலாமா? விளைந்த காய்கறியை விற்கலாமா?
— சிகாகோ வாசகர்

பதில்: வாங்குவதற்கு நாடு முழுவதுக்குமான தடை இல்லை. ஆனால் குடியுரிமையும் நிரந்தர வசிப்புரிமையும் இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் கூட்டரசின் விவசாயத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் கடுமையானது. மொத்தம் பத்து ஏக்கருக்கு மேற்படாமல், சொந்த வீட்டுக்கென விளைவித்து, ஆண்டு விற்பனை 1,000 டாலருக்குள் இருந்தால் விலக்கு உண்டு. சில மாநிலங்கள், மிசௌரி உட்பட, வெளிநாட்டவர் விவசாய நிலம் வைத்திருப்பதற்குத் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் இவை இறுகியும் வருகின்றன. முன்பணம் கொடுக்கும் முன் அந்த மாநில வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். விற்பனையைப் பொறுத்தவரை, உங்கள் விசா உங்களை அழைத்துவந்த நிறுவனத்தின் வேலைக்கு மட்டுமானது. சந்தையில் கடை போட்டு உட்காருவது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். வெண்டைக்காயை நண்பர்களுக்குக் கொடுங்கள், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் விற்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இன்னும் இலவச நிலம் கொடுக்கிறார்களாமே?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: 1862-ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறி உழுபவருக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தது. அது 1976-இல் முடிந்தது; அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது. அந்த நிலம் பழங்குடி மக்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும். இன்று சில சிற்றூர்கள் மக்கள் குறைந்துபோனதால் வீட்டுமனையை இலவசமாகத் தருவதுண்டு. குறித்த காலத்துக்குள் வீடு கட்டிக் குடியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு. மனை இலவசம், வீட்டுச் செலவு உங்களுடையது.

கேள்வி: என் கணவர் மலைப்பகுதிக் கவுண்டி ஒன்றில் நிலம் பார்க்கிறார். மூன்று மாதத்துக்கு வேண்டிய மளிகையை இருப்பு வைக்க வேண்டும் என்கிறார். நால்வருக்கு எவ்வளவு? நம் சமையலுக்கு அங்கே வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?
— டென்வர் வாசகி

பதில்: அரிசியும் கோதுமையுமாகத் தலைக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்றால் 90 நாளுக்கு 144 கிலோ, பருப்பு 75 கிராம் வீதம் 27 கிலோ, எண்ணெய் 11 லிட்டர். இவற்றை ஓர் அலமாரியில் அடுக்கிவிடலாம். தண்ணீரை அடுக்க முடியாது. பேரிடர் முகமையான ஃபெமா சொல்லும் தலைக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் என்ற குறைந்தபட்ச அளவில்கூட 360 காலன் வேண்டும். அதில் குளியல் கிடையாது. அதனால்தான் மளிகைப் பட்டியலுக்கு முன் கிணற்று அனுமதியைப் படியுங்கள் என்று உங்கள் கணவரிடமும் சொல்கிறேன். மின்சாரம் நின்றாலும் நீர் எடுக்கக் கைப்பம்போ, சூரிய மின்பம்போ பொருத்த முடியுமா என்பது கிணற்றின் ஆழத்தைப் பொறுத்தது. அந்தக் கவுண்டியில் கிணறுகள் எத்தனை அடி போகின்றன என்பதை மாநில நீர்த்துறையின் கிணற்றுப் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம்.

சமையலில் ஒன்று உண்டு. 8,000 அடி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள், துவரம்பருப்பு அசையாது. பாத்திரத்தில் வேகவைத்தால் விறகு தீரும். குக்கர் இல்லாமல் பருப்பையும் கொண்டைக்கடலையையும் இருப்பு வைப்பது பயனற்றது. காய்கறியைப் புட்டியில் அடைத்துப் பதப்படுத்த நினைத்தால், புளிப்பில்லாத காய்களுக்கு அதற்கென்று உள்ள அழுத்தக் கலத்தில், 1,000 அடிக்கு மேல் 10 பவுண்டு எடைக்குப் பதில் 15 பவுண்டு எடை வைக்க வேண்டும் என்பது விவசாயத் துறையின் விதி. நஞ்சு சேரும் விஷயம் என்பதால் கைப்பக்குவத்துக்கு இதில் இடமில்லை. தோசை மாவு புளிக்க இரவில் அடுப்புக்கருகே ஓர் இடம் பார்த்து வையுங்கள்.

குக்கர் காஸ்கட் நான்கைந்து உபரியாக வாங்கிக்கொண்டு போங்கள். நம் குக்கருக்கு ஒன்று தேடி ஒருமுறை அலமோசாவில் மூன்று கடை ஏறி இறங்கி, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.